பதினேழு முறை செத்த முத்துவீரன்

முத்துவீரன் தொலைக்காட்சியில் பதினேழு முறை செத்திருக்கிறான். சுட்டது பன்னிரண்டு தடவை, அடித்துக் கொன்றது நான்கு தடவை, ஒருமுறை ஆற்றில் அமுக்கினார்கள். அமுக்கியது மட்டும் நடிப்பில்லை. மூக்கில் தண்ணீர் ஏறி இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தான்.

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவன் அவன். தொண்ணூற்று நான்கில் கொழும்பிலிருந்து சிங்கள நாடகம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். மரங்களில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டைகளைக் கழற்றிவிட்டு, இதுதான் வடக்கே புலிகள் சண்டை போடுகிற வன்னிக் காடு என்றார்கள். அட்டை கடிக்கிற வன்னிக் காடு! காய்ந்த வன்னியில் ஏது அட்டை? புலியாக நடிக்க ஒரு தமிழ் முகம் வேண்டியிருந்தது. கறுத்து வளர்ந்த முத்துவீரன் கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள். அன்றிலிருந்து டைரக்டர் கூப்பிடும்போதெல்லாம் போய்ச் செத்துவிட்டு வந்தான்.

மனைவி மல்லிகா ஒரு நாடகத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. பட்டாளத்துக்காரனின் சப்பாத்துக் கால் அவன் நெஞ்சில் ஏறியதும் எழுந்து வெளியே போய்விடுவாள்.

"ஒரு தடவயாச்சும் கடைசி வரைக்கும் உசிரோட இருக்கிற ஆளா நடிங்களேன்" என்பாள்.

அந்த ஆசை அவனையும் பிடித்துக்கொண்டது. கேட்டுக் கேட்டு, இரண்டாயிரத்து ஆறில் ஒரு வேடம் கிடைத்தது. ஆஸ்பத்திரிச் சமையல்காரன். பதினொரு வசனம். கடைசிக் காட்சியில் மகளைத் தூக்கிக்கொண்டு சிரிக்க வேண்டும். ஒரு மாதம் தோட்டத்து லயத்து வீட்டில் அந்தச் சிரிப்பையே சிரித்துப் பழகினான்.

படப்பிடிப்புக்குப் புறப்பட்ட காலையில், எங்கோ பஸ்ஸில் குண்டு வெடித்ததாக ரேடியோ சொன்னது. டவுன் பஸ் நிலையத்தில் ஒருவன் அவனை உற்றுப் பார்த்து, இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்றான். பக்கத்திலிருந்தவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பஸ்ஸில் குண்டு வைத்தவன்!

"கொட்டியா! கொட்டியா!" புலி, புலி என்று சிங்களத்தில் கூச்சல் எழுந்தது.

அது நாடகம் ஐயா, அதில் நான் செத்துப்போனேனே, பார்க்கவில்லையா என்று முத்துவீரன் நல்ல சிங்களத்தில் கெஞ்சினான். புத்தி கெட்டவன், ஓடியிருக்க வேண்டும். செத்தவன் எப்படியடா இங்கே நிற்கிறாய் என்று முதல் அடி விழுந்தது. இரும்புக் கம்பி தாடையில் இறங்கியது. பற்கள் தெறித்தன. விழுந்தவனை ஏறி மிதித்தார்கள். எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள், வேலைக்குப் போகப் புறப்பட்டு வந்தவர்கள். பேக்கரி அப்துல் ரஸாக் ஓடி வந்து அவன்மேல் விழுந்து மறைத்திராவிட்டால் அன்றே கதை முடிந்திருக்கும். அவர் கையும் முறிந்தது.

தாடையைக் கம்பியால் கட்டினார்கள். சமையல்காரன் வேடம் வேறொருவனுக்குப் போனது. பார்க்க வந்த டைரக்டர் கோணிய முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இனி மேக்கப்பே தேவையில்லை என்றார். பாவி மனுஷன்! அடுத்த தடவை நல்ல வேடம் என்று அவர் சொன்னதை நம்பி, முத்துவீரன் இன்னும் மூன்று முறை போய்ச் செத்தான்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் டவுனில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். பத்து நாள் பொறுத்து அவனே டைரக்டருக்கு ஃபோன் எடுத்தான். யுத்தம்தான் முடிந்துவிட்டதே, இனி உனக்கு என்ன வேடம் என்றார். சும்மா தெருவில் நடந்து போகிற ஆளாகவாவது, என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் வைத்துவிட்டார்.

"நல்லதாப் போச்சுங்க" என்றாள் மல்லிகா. "இனி எவனும் ஒங்கள கொல்ல மாட்டான்."

முத்துவீரனுக்கு அழுகை வந்துவிட்டது.

"உசிரோட இருக்கிறவனா ஒரே ஒரு தடவ நடிக்க விடலயே புள்ள" என்றான்.