திருநீறு பூசியவர் ஊற்றிய தண்ணீர்

எட்டாவது வரை படித்த நான் இதையெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை, மன்னியுங்கள்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி ஆயாவுக்கு நெற்றி நிறையத் திருநீறு. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேதான் பேசுவார். பிறந்த என் மகளுக்கு மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பங்குச் சாமியார் திருச்சுழிப் பக்கம் போயிருந்தார். அவசரத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபை வழக்கம். எனக்கோ படுக்கையிலிருந்து எழ முடியவில்லை.

“நான் ஊத்துறேன், நீ சொல்லிக்குடு தாயி.”

“விசுவாசமில்லாதவுக ஊத்துனா அருள் எறங்குமா?”

“ஒம்மகளுக்கு மட்டும் விசுவாசம் இருக்காக்கும்? அவளுக்கு எறங்குறது எங் கையப் பாத்து நின்னுருமா?”

நான் சொல்லச் சொல்ல, அவரும் சொல்லி ஊற்றினார். பிள்ளை கண் திறந்தது. என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தது. அங்கே எதைக் கண்டதோ, இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.