விற்காத எந்திரங்கள்

அவளைத் தெருவில் எல்லோரும் டிரம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துவைத்த துணியைச் சுழற்றித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும் எந்திரங்களைச் செய்வது அவள் தொழில். தங்கும் விடுதிகளும் மருத்துவமனைகளும் சலவைக் கடைகளும் வாங்கிப் போகும். அவளையும் சேர்த்து ஆறு பேர் உள்ள பட்டறை. முன்பக்கம் லேத், பின்பக்கம் வெல்டிங், நடுவில் ஒரு மேஜை. கணக்கு, சாப்பாடு, சண்டை எல்லாம் அந்த மேஜையில்தான். வெல்டிங் அவள் கணவரின் ராஜ்ஜியம்.

பதினெட்டு வருடம் வேலை ஒரே மாதிரி போனது. செய்வார்கள், விற்பார்கள், மறந்துவிடுவார்கள். எந்திரம் வண்டியில் ஏறித் தெருமுனை திரும்பியதும் அவள் மனதை விட்டும் போய்விடும்.

ஒருநாள் பழைய மோட்டார் ஒன்று தேடி இரும்புக் கடைக்குப் போனவள், மூலையில் தன்னுடைய எந்திரங்களின் டிரம்கள் மூன்று கிடப்பதைப் பார்த்தாள். விரல் மடக்கித் தட்டினாள். கணீரென்றது. ஒரு கீறல் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு, ஏன் தூக்கிப் போட்டாங்க?"

"பேரிங் போயிடுச்சாம்," என்றார் கடைக்காரர். "அதை மாத்தணும்னா டிரம்மையே அறுக்கணும். உங்க ஆளுதான் சுத்தி வெல்டு வச்சு மூடியிருக்காரே!"

அந்த ஆளுடன் அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே பின்தகட்டை நான்கு போல்ட்டில் கழற்றும்படி மாற்றிக் காட்டினார். கால் மணி நேரத்தில் பேரிங்கை மாற்றலாம். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை என்று பிறகு அவளே சொல்லியிருக்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் பல விடுதிகளை நடத்தும் ஒரு நிறுவனத்தின் மேலாளர் வந்தார்.

"மேடம், நாங்க எந்திரம் வாங்கப் போறதில்ல. எந்திரம் உங்களுதாவே இருக்கட்டும். பிழியுற துணிக்குக் கிலோ கணக்குல நாங்க காசு குடுத்துடறோம். கெட்டா நீங்க சரி பண்ணுங்க, பழசானா நீங்களே எடுத்துட்டுப் போய் மறுபடி பயன்படுத்துங்க. குப்பைக்கு ஒண்ணுமே போகாது."

தன் மனதில் இருந்ததை எவரோ வந்து வாய்விட்டுச் சொன்னது போலிருந்தது அவளுக்கு. ஒப்பந்தம் ஐந்து வருடம். பழுது என்று கூப்பிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் ஆள் போய் நிற்க வேண்டும். நாற்பத்திரண்டு எந்திரங்கள்.

"செய்ய ஆறு பேர் இருக்கோம். ஓட யாரு இருக்கா?" என்று கேட்டார் கணவர்.

"கெடாத மாதிரி செஞ்சா எதுக்குங்க ஓடணும்?" என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டாள்.

எந்திரம் கெடுவதற்குச் செய்தவர்கள் மட்டும் காரணமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சொந்த எந்திரமாக இருந்தால் விடுதிக்காரர்கள் எண்ணெய் விட்டிருப்பார்கள், சத்தம் மாறினால் நிறுத்தியிருப்பார்கள். இது வேறொருத்தியுடையது. அளவுக்கு மேல் திணித்தார்கள். மின்சாரம் போனாலும் குழாய் அடைத்தாலும் அவளுக்குத்தான் போன் வந்தது. லேத்காரரைப் பழுது பார்க்க அனுப்பினாள். முடி அளவு பிசகாமல் இரும்பைக் கடைபவர், ஆறே வாரத்தில் பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"அக்கா, இரும்போட மல்லுக்கட்டச் சொல்லுங்க, கட்டறேன். சட்டையில பேரைக் குத்திக்கிட்டு, கண்டவங்க திட்டறதுக்கெல்லாம் 'சரிங்க, சரிங்க'ன்னு நிக்க என்னால ஆகாது."

அவர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். கணவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். புது எந்திரம் செய்வது நின்றது. பழைய டிரம்மில் புதுப் பேரிங் போட்டு ஓர் எந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, குப்பைக்கு ஒன்றுமே போகாது என்று சொன்ன அதே மேலாளர் முகத்தைச் சுளித்தார்.

"பழைய டிரம்மா? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க மேடம்? புதுசாவே போட்டுக் குடுத்துடுங்க."

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. அப்போது அவளுடைய தங்கைக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். தங்கை இருப்பது மூன்று மணி நேரப் பயணத்தில் வேறோர் ஊர். கூடப்பிறந்தவள் என்று அவளுக்கு இந்த அக்கா ஒருத்திதான்.

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்க்கா. உள்ள கூட்டிட்டுப் போறப்ப வெளியில நீ நிக்கிறேன்னு தெரிஞ்சா போதும்."

அன்று காலை எட்டு மணிக்கு, கிளம்பத் துணிப்பையுடன் வாசலில் நின்றபோது, ஒரு விடுதியிலிருந்து போன் வந்தது. எந்திரம் ஆடுகிறதாம். கணவர் ஊரின் மறுகோடியில் வேறோர் எந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தார். பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று போனாள்.

சலவை அறை தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. ஈரப் புழுக்கத்தில் மூச்சு முட்டியது. எந்திரம் சுவரை விட்டு இரண்டடி நகர்ந்து வந்து தடதடவென்று குதித்துக்கொண்டிருந்தது. அதன் மூடி மேல் சலவைக்காரப் பெண் உட்கார்ந்து, ஒரு கையால் சுவர்க் குழாயைப் பிடித்திருந்தாள்.

"ஏய், எறங்கும்மா! எறங்கு முதல்ல!"

"எறங்கினா இது ஓடிடும்க்கா!"

அவள் பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளே இரண்டு கம்பளி போட வேண்டிய இடத்தில் நான்கு. மூடியைத் திறந்தால் டிரம்மை நிறுத்தும் சுவிட்சின் மேல் டேப் சுற்றியிருந்தது. திறந்து கை விட்டாலும் டிரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

"யாரு ஒட்டினது இதை?"

"நான் வேலைக்குச் சேரும்போதே இருந்துச்சுக்கா. தொறக்குறப்பல்லாம் நின்னா நேரமாவுது. மேல நூத்தம்பது படுக்கை. மதியத்துக்குள்ள எல்லாம் விரிச்சாகணும்."

அந்தப் பெண்ணின் வலது கை மணிக்கட்டில் சிராய்ப்பு இருந்தது. எதில் பட்டது என்று கேட்கவே பயமாக இருந்தது. நேராக மேலே அந்த விடுதியின் மேலாளரிடம் போனாள்.

"இந்த எந்திரத்தை நான் எடுத்துட்டுப் போறேன் சார்."

"தாராளமா. மாத்து எந்திரத்தை வச்சிட்டு எடுத்துக்குங்க. ஒப்பந்தத்துல அப்படித்தானே இருக்கு?"

"மாத்து இல்ல. எல்லாமே வெளியில ஓடுது. யாருக்காவது கை போச்சுன்னா என்ன சார் பண்ணுவீங்க?"

"எந்திரம் உங்களுது மேடம்," என்றார் அவர். அதில் கோபமோ கிண்டலோ இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

அவள் மறுபடி கீழே இறங்கினாள். நிறுத்திவிட்டுப் போனால் ஒப்பந்தம் முறியும். அப்படியே விட்டுவிட்டுப் போனால் அந்தப் பெண் மறுபடி மூடி மேல் ஏறி உட்காருவாள். டேப்பை உரித்து எறிந்தாள். சுவிட்சைச் சரி செய்தாள். எந்திரத்தைச் சுவரோரம் தள்ளி, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டிரண்டு கம்பளியாகப் போட்டு எடுத்தாள். பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்தும் போனது.

பன்னிரண்டரை மணிக்குத் தங்கை கூப்பிட்டாள்.

"வந்துட்டியாக்கா?"

"இங்க ஒரு எந்திரம்டி..."

"வித்த எந்திரம்தானே, விட்டுட்டு வாயேன்."

"விக்கலையேடி," என்றாள் அவள். "விக்கவே இல்ல. அதான்டி."

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, உள்ள கூப்பிடறாங்க, போறேன்," என்று வைத்துவிட்டாள்.

சலவைக்காரப் பெண் ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டினாள். போனில் யார் என்று அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. நான்கு மணிக்குக் கணவர் வந்து சேர்ந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தரையில் துளை போட்டு எந்திரத்தைப் போல்ட்டால் இறுக்கினார்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒன்பதாம் நாள்தான் அவளால் போய்ப் பார்க்க முடிந்தது. "வா, சாப்டியா?" என்றுதான் கேட்டாள் தங்கை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

திரும்பி வந்ததும், எந்திரங்களைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாள். எல்லாம் அல்லது எதுவுமில்லை என்று பதில் வந்தது. எதுவுமில்லை என்றால் நாற்பத்திரண்டும் ஒரே நாளில் பட்டறை வாசலில் வந்து இறங்கும். அவற்றை வைக்க இடமும் கிடையாது, ஓடித் தேய்ந்ததை வாங்க ஆளும் கிடையாது.

அதனால் அவள் ஒவ்வொரு விடுதியாகப் போனாள். மேலாளர்களைப் பார்க்காமல், சலவை அறைப் பெண்களோடு அரை நாள் இருந்து, எவ்வளவு போட வேண்டும், எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும் என்று காட்டித் தன் எண்ணைக் கொடுத்தாள். அதில் பலன் இருந்தது. எந்திரங்கள் கெடுவது பாதியாகக் குறைந்தது. ஆனால் போன் இரண்டு மடங்கானது. "அக்கா, ஒரு மாதிரி உறுமுது." "அக்கா, இது பரவால்லையா, கேளுங்க," என்று எந்திரத்தின் அருகிலேயே போனைப் பிடிப்பார்கள். குளிக்கப் போனாலும் கணவர் கையில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருந்தபோது நிறுவனத்தின் மேலாளர் மறுபடி வந்தார். புதுக் கட்டிடம் திறக்கிறார்களாம். இன்னும் பன்னிரண்டு வேண்டும், அதே முறையில்.

"முடியாதுங்க சார்."

"யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க மேடம். அடுத்த வருஷம் எல்லாத்தையும் சேர்த்துத்தான் புதுப்பிப்போம். ஒருத்தர்கிட்டயே இருந்தா எங்களுக்கும் சௌகரியம்."

அவர் போன பிறகு கணவர் கை துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன சொன்ன?"

"நாளைக்குச் சொல்றேன்னேன்."

"என்ன சொல்லப் போற?"

நாற்பத்திரண்டும் வந்து இறங்கக்கூடிய வாசலை அவள் ஒருமுறை பார்த்தாள். பிறகு, பன்னிரண்டு டிரம்முக்குத் தகடு இருக்கிறதா என்று பார்க்கக் கிடங்குக்குள் போனாள்.