பொம்மிடி வீட்டுக்குக் காகிதத்தில் ஒரு சீர்

உங்களுக்குப் புளியங்கொட்டைப் பசையின் வாடை நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. வறுத்துத் தோல் நீக்கிய கொட்டையை இடித்துச் சலித்து, தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டினால் கூழ் மாதிரி வரும். அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது, ஆனால் அது விஷம். அதனால்தான் பசைக் கிண்ணத்தைத் தொட்ட கையை வாயில் வைத்தால் உங்கள் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். புளி நம் ஊரில் மலிவு, கொட்டை அதைவிட மலிவு, தெருவில் புளி தட்டுகிற வீடுகளில் கேட்டால் சும்மாவே அள்ளிக் கொடுப்பார்கள். அந்தப் பசைதான் இந்தக் கதையை ஒட்டி வைத்திருக்கிறது.

அப்போது நான் தருமபுரியில் ஒரு சின்ன அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவதுக்கு மேல் படிக்காத எனக்கு எழுத்தைப் பழக்கியது அந்த ஈய எழுத்துகள்தான். நம் வீட்டில் அந்த நாளில் கடையிலிருந்து வந்த பொருள் குறைவு. பல்பொடி, சீயக்காய்த் தூள், சாம்பார்த் தூள், உங்கள் ரஃப் நோட்டு எல்லாம் வீட்டில் செய்ததுதான். ரஃப் நோட்டு, அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய தாளை நான் ஊசி நூலால் தைத்தது. ஒரு பக்கம் யாருடைய கல்யாணமோ அச்சாகியிருக்கும், மறுபக்கம் நீங்கள் வாய்ப்பாடு எழுதுவீர்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வேறு வழி இருந்திருந்தால் நாங்களும் கடைக்குத்தான் போயிருப்போம். ஆனால் செய்யச் செய்ய உங்கள் அம்மாவுக்கு அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. அச்சகத்திலிருந்து நான் எதைக் கொண்டுவந்து போட்டாலும், இதை என்ன செய்யலாம் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

அந்த வைகாசியில் பொம்மிடியில் உங்கள் அத்தை, என் தங்கை, புது வீடு புகுந்தாள்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுடைய மாமனார் முன்னே நின்று கடைக்கால் போட்டார். சுவர் ஆள் உயரம் எழும்பியபோது அவர் மாரடைப்பில் போய்விட்டார். கருமாதிப் பத்திரிகையை நான்தான் அச்சடித்துக் கொடுத்தேன். வேலை அப்படியே நின்றது. ராசியில்லாத மனை என்று உறவில் பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு வருஷத் துக்கம் கழிந்து, ஓடு போட்டு, வெள்ளையடித்து, அந்தக் குடும்பம் செய்யப்போகிற முதல் நல்ல காரியம் இது. பத்திரிகை அடிக்கக் கொடுக்க வந்த தங்கை, மெஷின் பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணா, எனக்கு அண்டாவும் வேணாம் குண்டாவும் வேணாம். பால் காயற வரைக்கும் ஒரு குத்தம் குறை இல்லாம இருந்தாப் போதும். எங்க மூத்தவங்க வாயில மட்டும் உழாம நான் உள்ள போயிரணும்."

மூத்தவங்க என்று அவள் சொன்னது தன் ஓரகத்தியை, அதாவது கணவனின் அண்ணன் மனைவியை. அந்த அம்மா வீடு கட்டியபோது பிறந்த வீட்டுச் சீராகப் பித்தளை அண்டா வந்ததை ஊரே பார்த்தது. தங்கை வேண்டாம் என்று சொன்னாலும், வெறும் கையோடு போனால் பேச்சு வாங்கப்போவது அவள்தான்.

உங்கள் அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "காயித மணி ஸ்கிரீன் ஒண்ணு கட்டலாங்க," என்றாள். "நடு வாசலுக்கு. கடையில அத்தினி பெருசு கெடைக்கவே கெடைக்காது."

அச்சகத்தில் பத்திரிகைகளை அடுக்கி ஓரம் வெட்டும்போது விரல் அகலத்தில் நீள நீளத் துண்டுகள் விழும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று முகூர்த்த மாதத்தில் எல்லா நிறமும் கிடைக்கும். அந்தத் துண்டுக்குப் பசை தடவி, பழைய சைக்கிள் சக்கரக் கம்பியில் இறுக்கிச் சுற்றி உருவி எடுத்தால் ஒரு மணி. வெயிலில் காயவைத்து வார்னிஷ் பூசினால் பளபளவென்று இருக்கும். நடுநடுவே கண்ணாடிப் பாசி சேர்த்து நைலான் நூலில் கோத்தால் திரை. முதலாளி வேஸ்டை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டேன், அவ்வளவுதான். வைகாசி முகூர்த்த வேலையில் நான் வீட்டில் சாப்பிட்டதே அபூர்வம். மணி உருட்டியது அம்மா, நிறம் பிரித்துக் கொடுத்தது பெரியவளே, நீ. எந்த மணி எங்கே வர வேண்டும் என்று சண்டை போட்டதும் நீதான். கட்டி முடித்ததை நான் பார்க்கக்கூட இல்லை. பழைய வேட்டியில் சுருட்டி மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் மத்தியானம் பஸ் ஏறினோம். மடியில் திரை மூட்டை. காலடியில் பிஸ்கட் டின் நிறையக் கேழ்வரகு முறுக்கு, இன்னொரு டின்னில் எள்ளுருண்டை, அம்மா அரைத்த சாம்பார்த் தூள்.

போய் இறங்கியதும் மூட்டையைப் பிரித்தார்கள். ஓரகத்தி அம்மா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"காயிதத்துலயா சீரு! மழ பேஞ்சா கரைஞ்சிருமாங்க அண்ணி?"

"கரையாதுங்க. வார்னிஷ் அடிச்சிருக்குது," என்றாள் அம்மா.

"அப்ப சரி. எங்க வூட்டு அண்டாவுலதான் மழயில துளி உழுந்தாச் சத்தம் கேக்கும். இதுல அந்தத் தொந்தரவு இல்ல."

நாலு பேர் சிரித்தார்கள். தங்கையும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். ஸ்டூல் போட்டு ஏறி நான்தான் நடு வாசலில் ஆணியடித்துத் திரையை மாட்டினேன். இறங்கித் தள்ளி நின்று பார்த்தேன். நிஜமாகவே அழகாக இருந்தது. மேலே சிவப்பு, அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள். ஒவ்வொரு சரத்தின் அடியிலும் வெள்ளை மணிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் கொலுசு போட்டது போல ஒரு கறுப்பு வளையம்.

கிட்டே போய் ஒரு வெள்ளை மணியைக் கையில் பிடித்துப் பார்த்தேன்.

அந்தக் கறுப்புக் கோடு எனக்குத் தெரியும். தடித்த கோடு ஒன்று, அதை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று. எங்கள் அச்சகத்தில் அந்த பார்டரைக் கருமாதிப் பத்திரிகைக்குத் தவிர வேறு எதற்கும் எடுக்க மாட்டோம். அந்த வேலையின் வேஸ்டுக்கு ஒரு கூடை தனியே உண்டு, கல்யாண வேஸ்டோடு கலக்காது. கருமாதிப் பத்திரிகை வந்தால் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவார்கள், யாரும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நான் வேஸ்ட் எடுத்த வாரம் மெஷின் ரிப்பேருக்கு ஆள் வந்தபோது, இடம் வேண்டுமென்று எல்லாக் கூடையையும் ஒரே சாக்கில் கவிழ்த்திருக்கிறார்கள். நான் சாக்கைப் பிரித்துப் பார்க்காமல் சுமந்து வந்திருக்கிறேன். துண்டில் எழுத்து எதுவும் கிடையாது, கோடு மட்டும்தான். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? உனக்கு அது கொலுசு.

அம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

"அய்யோ, யாராச்சும் பாத்துட்டாங்களா?"

"தெரியல."

"உங்க தங்கச்சிகிட்டச் சொல்லிரலாங்களா?"

"இப்ப சொன்னா அவ அந்த வாசலத் தாண்ட மாட்டா. பால் காயட்டும்."

"கழட்டிரலாமா?"

"மாட்டுன சீரக் கழட்டுனா என்னான்னு கேக்க மாட்டாங்களா?"

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். தங்கையிடம் கத்தரிக்கோல் வாங்கி, வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, முதல் சரத்தின் அடி முடிச்சை வெட்டினாள். கறுப்பு வளைய மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் மடியில் விழுந்தன.

"என்னாங்க அண்ணி, கட்டுனதப் போயி அவுக்கறீங்க?" என்று தங்கை ஓடி வந்தாள்.

"நீளம் ஜாஸ்தியாப் போச்சு கண்ணு. தரையில இழுபடும். கொஞ்சம் சுருக்கிக் கட்டிடறேன்."

ஓரகத்தி அம்மா வராமல் இருப்பாரா? "வந்த சீரு திரும்பிப் போவுதாட்டம் இருக்குது," என்றார். பிறகு குனிந்து பார்த்தார். "இத்தன உருவிட்டீங்கன்னா பாவாட பத்தாம வளந்த புள்ளயாட்டம் ஆயிரும் பாருங்க."

அவர் சொன்னது உண்மை. எல்லாச் சரத்தையும் வெட்டி முடித்தபோது திரை முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. அம்மா மடியை அள்ளி மஞ்சப்பையில் கொட்டிக்கொண்டு, குட்டையாகத் தொங்கிய சரங்களை நிமிர்ந்து பார்த்தாள். தங்கையின் கண் கலங்கத் தொடங்கியது.

அப்போது தங்கைதான் கேட்டாள். "மணி செய்ய எந்தக் காயிதமா இருந்தாலும் ஆவுங்களா அண்ணி? எங்க பத்திரிகையே ஒரு கட்டு மிச்சம் கெடக்குது."

அந்த வீட்டின் புதுமனைப் பத்திரிகை. நான் அச்சடித்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது.

பசைக்குச் சோற்றுக் கஞ்சி வந்தது. அங்கே கிடந்த ஒரு சைக்கிளின் உடைந்த சக்கரத்திலிருந்து கம்பி வந்தது. நான் பத்திரிகையைத் துண்டு போட்டேன், அம்மா சுற்றினாள், தங்கை சுற்றினாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்த ஓரகத்தி அம்மா, "இப்புடித் தள்ளுங்க, எனக்கு என்ன கையில்லையா," என்று உட்கார்ந்துவிட்டார். சுற்றத் தெரியாமல் முதல் மணி அவர் கையில் கொம்பு போல நீண்டது. "இது உங்க வூட்டு அண்டாவுக்கு மூக்குங்களா அக்கா?" என்று தங்கை கேட்டாள். அவர் அவள் தொடையில் ஒரு அடி வைத்தார். கல்யாண வீடு மாதிரியான அந்தச் சத்தத்தில், நீ என் காதில், "கொலுசு மணிய ஏம்ப்பா எடுத்துட்டீங்க?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில்தான் இது.

விளக்கு வைக்கிற நேரத்தில் திரை பழைய நீளத்துக்கு வந்துவிட்டது. வார்னிஷ் பூச நேரமில்லை. மேலே பளபளப்பும் அடியில் மங்கிய மஞ்சளுமாக இருந்தது. விடியலில் என் தங்கை பால் சொம்பைக் கையில் ஏந்திக்கொண்டு, தன் வீட்டுப் பத்திரிகை மணிகள் காலில் உரச, அதைத் தாண்டி உள்ளே போனாள். பால் பொங்கியது. எந்தக் குறையும் சொல்ல யாரும் வாயைத் திறக்கவில்லை.

நான் அன்று நினைத்தது இதுதான். கடையில் ஒரு திரை வாங்கிப் போயிருந்தால் இந்தத் தப்பு நேர்ந்திருக்காது, அது சரி. ஆனால் நேர்ந்த பிறகு, அதை எங்கே வெட்டினால் எது உதிரும், எதை வைத்து நிரப்பலாம் என்று உங்கள் அம்மா கைக்குத் தெரிந்திருந்தது. சிக்கனத்துக்காகச் செய்யத் தொடங்கியது காசை மட்டும் மிச்சப்படுத்தவில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. இதை இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். அம்மா மஞ்சப்பையைக் கையிடுக்கில் இறுக்கி வைத்திருந்தாள். ஓரகத்தி அம்மா வேகமாக நடந்து வந்தார். வந்தவர் அம்மாவின் முன்னால் உள்ளங்கையை விரித்தார். அதில் ஒரு வெள்ளை மணி, கழுத்தில் கறுப்பு வளையம்.

"கதவு மூலையில கெடந்துச்சுங்க அண்ணி. நேத்து நீங்க அவுக்கும்போதே உருண்டு ஓடுச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"உடுங்கண்ணா. எங்க மாமனாருக்கு நீங்கதான அடிச்சுக் குடுத்தீங்க? ஊரெல்லாம் குடுத்தது நானு. இந்தக் கோடு எனக்குத் தெரியாதுங்களா?" மணியை அவரே மஞ்சப்பைக்குள் போட்டார். "யார்கிட்டயும் சொல்லல. அவளும் பாவம், ஒரு வருசமா அந்த வாசலயே பாத்துக்கிட்டு இருந்தவ."

பஸ் வந்துவிட்டது. நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் எட்டிச் சொன்னார்.

"அண்ணி, எங்க வூட்டு வாசலுக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்க. நூலு பாசி நானு வாங்கித் தர்றேன். கறுப்பு மட்டும் வேணாங்க."

அந்த ஆவணி முகூர்த்தத்தில் அவருக்கும் ஒன்று கட்டிக் கொடுத்தோம். அதற்கான வேஸ்டை நான் அச்சகத்து வாசலிலேயே கொட்டி, துண்டு துண்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் சாக்கில் கட்டினேன்.