ஆடாமல் வந்த டிரெய்லர்: கும்மிடிப்பூண்டி முதல் திருவள்ளூர் வரை

காலை ஏழு மணிக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலிருந்து கிளம்பினோம். முன்னால் ஜீப், பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர், அதன்மேல் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் ஜெனரேட்டரும் அதன் கனமான கேபிள் சுருள்களும். திருவள்ளூர் கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர்.

ஜீப்பையும் டிரெய்லரையும் சேர்க்கும் இணைப்பை வரைந்தவள் நான். எங்கள் பட்டறையில் நான் வரைந்து சாலைக்கு வந்த முதல் பொருள் அது. திருவள்ளூரில் வாடகைக் கடை வைத்திருக்கும் கமால் பாய், வண்டி ஆடாமல் வந்தால் இன்னும் நான்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஆடினால் பழைய கொக்கிக்கே திரும்பிவிடலாம் என்பது எங்கள் முதலாளியின் முடிவு.

மடியில் ஒன்றரை வயது நிலா. அவளைப் பார்த்துக்கொள்ளும் மேரி அக்காவுக்குக் காய்ச்சல். குழந்தையோடு வந்தது சரிதானா என்று தொழிற்பேட்டை வாசலைத் தாண்டுவதற்குள் பலமுறை யோசித்துவிட்டேன். பால் புட்டியை எடுத்து வைத்தேனா என்று பையை வேறு திறந்து பார்த்தேன். இருந்தது.

ஓட்டியவர் கமால் பாயிடம் வேலை செய்யும் ஏழுமலை. "இன்னா மேடம், கொக்கி ஒண்ணு பத்தாதா? இத்தினி கம்பி எதுக்கு?" என்றார்.

சாதாரணக் கொக்கி ஜீப்பின் வால் நுனியில் இருக்கும். காற்றோ பள்ளமோ டிரெய்லரை ஒரு பக்கம் தள்ளினால், அது அந்த நுனியைப் பிடித்து ஜீப்பையே திருப்பிவிடும். என் இணைப்பில் இரண்டு கம்பிகள் உண்டு. டிரெய்லர் பக்கம் அகன்றும் ஜீப் பக்கம் நெருங்கியும் இருக்கும். அந்த இரண்டு கோடுகளையும் மனதில் முன்னோக்கி நீட்டினால், ஜீப்பின் பின் அச்சுக்கு அருகே சந்திக்கும். டிரெய்லர் அந்த இடத்தில் மாட்டியதுபோலவே நடந்துகொள்ளும்.

ஏழுமலையிடம் இப்படிச் சொன்னேன்: "நிலா என் முந்தானை நுனியைப் பிடிச்சு இழுத்தா நான் தடுமாறுவேன். அவளே இடுப்புல உக்காந்து துள்ளினா தடுமாற மாட்டேன். அவ்ளோதான்ணா."

"அப்போ ஜீப்பு டிரெய்லர இடுப்புல வச்சிக்கினு போவுது?"

"ஆமா."

"நல்ல வெயிட்டான கொயந்த மேடம்!"

கவரைப்பேட்டையில் நாஷ்டாவுக்கு நிறுத்தினோம். அப்போதெல்லாம் டீ மூன்று ரூபாய், இட்லி ஒரு ரூபாய். நிலா சட்டையெல்லாம் இட்லி பூசிக்கொள்ள, கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கழுவி, உடை மாற்றி வந்தேன். அதுவரை டிரெய்லர் ஒரு முறைகூட ஆடவில்லை.

ஜனப்பன்சத்திரம் வருவதற்கு முன் கன்டெய்னர் லாரி ஒன்று எங்களை முந்தியது. டிரெய்லர் இடதுபுறம் போய், வலதுபுறம் போய், மறுபடி இடதுபுறம் வந்தது. ஜீப்பின் பின்பக்கமும் கூடவே போனது. "பிரேக் புடிக்காதீங்கண்ணா, கால எடுங்க!" என்று கத்தினேன். நிலா வீறிட்டாள். வேகம் குறைந்து ஆட்டம் அடங்கியதும் ஓரம் கட்டினார்.

படத்தில் எங்கோ தப்புச் செய்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தத் தப்போடு என் குழந்தையை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். குழந்தையை ஏழுமலையிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தன. கம்பிகளின் சாய்வும் சரி. எழுந்தபோதுதான் கவனித்தேன்: காலையில் சற்றே அமர்ந்திருந்த ஜீப்பின் பின்பக்கம் இப்போது தூக்கிக்கொண்டிருந்தது. டிரெய்லரின் மூக்கில், அதாவது ஜீப்பை ஒட்டிய முன் முனையில், நான் வைக்கச் சொன்ன கேபிள் சுருள்கள் வால் பக்கம் இருந்தன.

"யாருண்ணா மாத்தினது?"

"நான்தான் மேடம். நீ கொயந்தைக்குக் கயுவப் போனப்போ. ஜீப்பு பின்னாடி குந்திக்கினு இருந்திச்சி, பாக்கவே பாவமா கீது. எங்க ஆர்.கே.பேட்டையில மாட்டு வண்டிக்கு இப்டித்தான் பண்ணுவோம். முன்பாரம் ஆச்சின்னா மாட்டுக் கயுத்து புண்ணாப்பூடும்."

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ஜீப்புக்குக் கழுத்து வலிக்காதுண்ணா. அந்தப் பாரம்தான் பின் டயரைத் தரையோட அழுத்திப் பிடிக்குது. இடுப்புல புள்ளைய வச்சிக்கினு பாசியில நின்னா என்ன ஆவும்?"

"வயுக்கி வுட்டுடும்."

"அதான் ஆச்சு."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சுருள்களை அவரே மூக்குப் பக்கம் இழுத்து வைத்துக் கட்டினார். ஜீப் மறுபடி அமர்ந்தது.

அப்போது பெரியபாளையம் போகும் பேருந்து வந்தது. "கொயந்தைய எடுத்துக்கினு பஸ்ல வா மேடம். பேஜாரு வேணாம்" என்றார் ஏழுமலை. நடத்துநர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். ஏறினால் நான் வரைந்ததை நானே நம்பவில்லை என்று ஆகும். ஏறாவிட்டால் நான் என்ன தாய்? பேருந்து போய்விட்டது. நான் முடிவெடுத்ததால் அல்ல, யோசித்துக்கொண்டே நின்றதால்.

பிறகு ஏழுமலையிடம், "நீங்க மட்டும் அடுத்த திருப்பம் வரைக்கும் போய்ட்டு வாங்க. நான் பின்னாலருந்து பாக்கறேன்" என்றேன். நிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றேன். ஜீப் வேகம் பிடித்தது. டேங்கர் லாரி ஒன்று அதை உரசுவதுபோல முந்திச் சென்றது. ஜெனரேட்டரைப் போர்த்திய தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. டிரெய்லர் மட்டும் கோடு போட்டதுபோல ஜீப்பின் பின்னாலேயே போனது.

திரும்பி வந்தவர், "இன்னா மேடம், வண்டி கீதா, கயண்டுக்கிச்சான்னு ரெண்டு தபா கண்ணாடில பாத்தேன்!" என்றார். குழந்தையோடு ஏறி உட்கார்ந்தேன்.

பெரியபாளையத்தில் வேப்பிலை விற்பவர்களைக் கடந்து, வெங்கல் தாண்டி, பத்தரை மணிக்குத் திருவள்ளூர் சேர்ந்தோம். வழியில் எத்தனையோ லாரிகள் முந்தின. நிலா தூங்கியே போனாள்.

கமால் பாய் என்னைக் கேட்கவில்லை, ஏழுமலையைத்தான் கேட்டார். "ஆடிச்சாடா?"

"ஒரு தபா ஆடிச்சு பாய். அது என்னால. பாரத்தப் பின்னால வச்சிட்டேன். மேடம் சரி பண்ண அப்பறம் பின்னாடி ஒண்ணுமே இல்லாத மாரி வந்திச்சி."

பாய் கம்பிகளைக் குனிந்து பார்த்தார். "இதே மாரி நாலும் போடச் சொல்லும்மா" என்றார்.

ஊர் திரும்பப் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினேன். வீட்டைப் பூட்டிவிட்டு, தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். பாயின் கடை வாசலைத் தாண்டும்போது, அதே டிரெய்லரில் கல்யாணத்துக்குச் சாமான் ஏற்றும் சத்தம் கேட்டது. கூடவே ஏழுமலையின் குரல்: "டேய், மூக்குல வைடா! இது இன்னா உங்க ஊட்டு மாடா?"

திரும்பிப் போய்ச் சரிபார்க்கத் தோன்றவில்லை. நிலாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.