அம்மாவின் கையும் என் காகிதமும்

முனைவர் பட்டத்துக்காக நான் ஒரு வேதிப்பொருள் செய்தேன். புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். சில வெடிமருந்துகளில் உள்ள பிக்ரிக் அமிலம் பட்டால் அந்த நீலம் அணைந்துவிடும். அதை வடிதாளில் தோய்த்துத் துண்டுதுண்டாக வெட்டி வைத்திருந்தேன். ரயில் நிலையத்தில் கையைத் துடைத்துப் பார்த்தாலே குண்டுக்காரன் மாட்டிக்கொள்வான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஆய்விதழுக்கு நான் அனுப்பிய கட்டுரையைப் பரிசீலித்தவர்கள் விடவில்லை. ஊர்த் தண்ணீரில் சோதித்துக் காட்டு என்றார்கள். சின்னசேலம் பக்கத்தில் எங்கள் கிணறு இருக்கிறதே! சென்னைக்கு வந்த அண்ணனிடம் அம்மா ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாள்.

காகிதத்தை நனைத்தேன். நீலம் பொசுக்கென்று போய்விட்டது. அந்தக் கோடையில்தான் பாறைக்கு வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தியிருந்தார்கள். வெடிமருந்து தண்ணீரில் இறங்கியிருந்தால், வீட்டில் எல்லோரும் அதைத்தான் குடிக்கிறார்கள். இறங்கவில்லை என்றால் காகிதம் பொய் சொல்கிறது, என் மூன்று வருட உழைப்பு வீண். தண்ணீர் வேறு லேசான மஞ்சள். பிக்ரிக் அமிலமும் மஞ்சள்தான்.

உடனே போன் போட்டேன்.

"ம்மா, கெணத்துத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. அதுல இன்னாவோ கலந்திருக்குது."

"நான்தாண்டி கலந்தேன். நம்ம வூட்டுத் தண்ணி மொத மொதல்ல பெரிய எடத்துக்குப் போவுது, வெறுந்தண்ணியாவா அனுப்புவாங்க? ஒரு சிட்டிக மஞ்சத்தூள் போட்டேன். ஜாஸ்தியாயிடுச்சா?"

அண்ணன் அடுத்த முறை வெறும் தண்ணீர் கொண்டுவந்தான். நீலம் அப்படியே நின்றது. இதை மட்டும் எழுதிவிடலாம், மஞ்சளைப் பற்றி யார் கேட்டார்கள் என்று குஷியாக ஊருக்குப் போனேன்.

அம்மா மஞ்சள் போட்டு மீன் கழுவிவிட்டு வந்தாள். விளையாட்டாக அவள் உள்ளங்கையை, பையில் கொண்டுபோயிருந்த காகிதத்தால் துடைத்து, புற ஊதா விளக்கை அடித்தேன். நீலத்தைக் காணோம். ரயில் நிலையமாக இருந்திருந்தால் முதலில் ஓரங்கட்டப்படுவது என் அம்மாதான். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"ஏண்டி மொறச்சிக்கினு இருக்க? நான் எதனா தப்பு பண்ணிட்டனா?"

"நீ ஒண்ணும் பண்ணல. என் காகிதந்தான் சரியில்ல."

மஞ்சளையும் சேர்த்தே எழுதினேன். கட்டுரை திரும்பி வந்துவிட்டது. மஞ்சளுக்கும் வெடிமருந்துக்கும் வித்தியாசம் தெரிந்த வேறொன்றை இப்போது செய்துகொண்டிருக்கிறேன். புதிதாக எது செய்தாலும் முதலில் துடைப்பது அம்மாவின் கையைத்தான்.