தையல்நாயகி எத்தனை முறை வந்தாள்

1. கடல் பார்க்காதவன்

துடியலூரில் எங்கள் டேட்டா என்ட்ரி ஆபீசுக்குக் கப்பல் வேலை வந்து சேர்ந்த அன்று, சூப்பர்வைசர் ஸ்டெல்லா அக்கா என் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"கப்பல் பாத்திருக்கியா கண்ணு?"

"இல்லீங்க்கா. கடலே பாத்ததில்லைங்க."

"நல்லதாப் போச்சு. இனிமே கப்பல் கப்பலாப் பாரு."

திரையில் பழுப்பேறிய ஒரு பக்கம். வெள்ளைக்காரன் காலத்து நாகப்பட்டினம் துறைமுகத்தின் கப்பல் பதிவேடு. வந்த தேதி, கப்பலின் பெயர், டன், கப்பலை ஓட்டி வந்த தண்டலின் பெயர், எந்த ஊரிலிருந்து, சரக்கோடா காலியாகவா என்று வரிசையாகக் கட்டம் போட்டு, சாய்வான இங்கிலீஷ் கையெழுத்தில் நிரப்பியிருந்தார்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் வந்த கப்பல் இத்தனை, மொத்த டன் இத்தனை என்று கூட்டல். அதன் அடியில் வி. என். என்று இரண்டே இரண்டு எழுத்து. அவ்வளவுதான் அந்த எழுத்தரைப் பற்றி எங்களுக்குத் தெரியும்.

மொத்தம் முப்பத்தாறு மாதப் பதிவேடு. ஒரு கல்லூரிப் பேராசிரியை தன் ஆராய்ச்சிக்காகக் கொடுத்த வேலை அது. என்னோடு வேலை செய்யும் ரபீக்கும் செல்வியும் ஒரே பக்கத்தைத் தனித்தனியாகத் தட்டுவார்கள். இரண்டும் எங்கே வேறுபடுகிறதோ அதைப் பார்த்துத் தீர்ப்பது நான். இதற்கு டபுள் கீயிங் என்று பெயர். கடைசியில் கூட்டல் இடித்தால், பிழை யாருடையது என்று திரையில் உள்ள பிழைக் கட்டத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். மூல ஆவணம், ஸ்கேன், தட்டச்சு, சரிபார்ப்பு என்று அதில் நான்கு பதில் உண்டு. சரிபார்ப்பு என்றால் நான்.

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அப்பா அம்மா இருவரும் தாராபுரம் பக்கம் கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் வீட்டில் எல்லாரும் அதை அப்படியே நம்புவார்கள். எழுதினதைச் சந்தேகப்படத் தெரிந்த முதல் ஆளும் நான்தான் என்று ஒரு மெதப்பு எனக்கு இருந்தது. அந்த மெதப்புத்தான் இந்தக் கதையை இழுத்து வந்தது.

2. நான் பிடித்த திருடன்

கப்பலுக்கு முன்னால் நாங்கள் செய்தது ஒரு ஜவுளிக்கடையின் பரிசுக் கூப்பன் வேலை. ஒரே பழனிசாமி, ஒரே அப்பா பெயர், ஒரே தெரு. வேறு வேறு தேதியில் நாற்பது கூப்பன் போட்டிருப்பார். தேதியைப் பார்க்காதே, ஆள் ஒருத்தர்தானா என்று மட்டும் பார், ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கு. அதுதான் அங்கே விதி. அதற்காக நானே ஒரு சின்ன மேக்ரோ எழுதி வைத்திருந்தேன். ஒரு பட்டனைத் தட்டினால் இரட்டைப் பதிவெல்லாம் மறைந்துவிடும். மூன்று நாள் வேலை மூன்று நிமிடத்தில் முடியும்.

கப்பல் பட்டியலில் 'தையல்நாயகி' என்கிற பெயரைப் பார்த்தேன். அறுபத்தொரு டன். தண்டல் முகமது சுல்தான். யாழ்ப்பாணம் பக்கத்திலிருந்து வருகிற சின்னப் பாய்க்கப்பல். அடுத்த பக்கத்திலும் அதே தையல்நாயகி, அதே அறுபத்தொன்று, அதே சுல்தான். அதற்கடுத்த பக்கத்திலும். என் கை தானாகவே பட்டனுக்குப் போய்விட்டது.

ஒவ்வொரு மாதத்திலும் பாதிக்கு மேல் வரிகள் காணாமல் போயின. வி. என். எழுதிய கூட்டலோ அப்படியே பெரிதாக நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரே கப்பலைத் திரும்பத் திரும்ப எழுதி டன் கணக்கை ஊதிப் பெருக்கியிருக்கிறார்! துறைமுகம் ஓகோ என்று நடப்பதாகக் காட்டி மேலதிகாரியிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறார்!

"அக்கா, ஒரு திருடனைப் புடிச்சுபோட்டேனுங்க!" என்று ஓடினேன்.

ஸ்டெல்லா அக்கா கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு பார்த்தார். "ஏன் சக்தி, நெசமாலுமா?"

"கூட்டிப் பாருங்க்கா. ஒரு மாசம்கூடச் சேரலை."

அவருக்கும் அன்று வேறு வேலை தலைக்கு மேல் இருந்தது. ஒரு மாதத்தை மட்டும் கூட்டிப் பார்த்தார். சேரவில்லைதான். முப்பத்தாறு மாதத்துக்கும் 'மூல ஆவணம்' என்று தேர்ந்தெடுத்தேன். 'பதிவேட்டு எழுத்தர் பொய்க் கணக்கு எழுதியிருக்கிறார்' என்று ஒரு வரியும் சேர்த்துப் பேராசிரியைக்கு மெயில் அனுப்பினோம். அவர் உடனே போன் செய்தார். "ரொம்ப முக்கியமான விஷயம்ப்பா. அடுத்த வாரம் சனிக்கிழமை கோயமுத்தூர்ல கருத்தரங்கு இருக்கு. நான் அதையே பேசப் போறேன்."

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது நான் பஸ்ஸில் உட்காரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சீட்டில் இருந்தேன், ஆனால் மிதந்துகொண்டிருந்தேன்.

3. தாராபுரம் பஸ் ஸ்டாண்ட்

திங்கள் காலை திரும்ப பஸ் ஏற நின்றேன். டைம் கீப்பர் பூத்துக்குப் பக்கத்தில் நிழல் இருந்தது. ஒரு கண்டக்டர் ஓடி வந்து, "ஏனுங்ணா, நம்ம வண்டியப் போட்டுக்கங்க," என்றார். டைம் கீப்பர் நோட்டில் வண்டி நம்பரையும் நேரத்தையும் எழுதினார். சும்மா எட்டிப் பார்த்தேன். அது நேற்றைய பக்கம் முடிந்து இன்றைய பக்கம் தொடங்குகிற இடம். நேற்றைய பக்கத்தில் அதே நம்பர், அதே டிரைவர் பெயர். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே இரண்டு.

"ஒரே பஸ்ஸை ஏனுங்க மறுக்கா மறுக்கா எழுதிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "எத்தனை தடவ வருதோ அத்தனை தடவ எழுதோணுமல்லொ தம்பி. வண்டி எத்தனை இருக்குதுன்னா கேக்கறாங்க? எத்தனை தடவ வந்துதுன்னுதான கேக்கறாங்க."

கண்டக்டர் சிரித்தார். "இல்லீனா காத்தால ஒருக்கா எழுதிப்போட்டு நீங்க ஊட்டுக்குப் போய்ருவீங்களே!"

அவர்கள் சிரித்தார்கள். எனக்கு நாகப்பட்டினத்துப் பதிவேடு நினைவுக்கு வந்தது. அந்தப் பதிவேடு கப்பல்களின் பட்டியலே இல்லை. வரவுகளின் பட்டியல். தையல்நாயகி நெல்லும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போவாள், பனஞ்சட்டத்தோடோ காலியாகவோ திரும்பி வருவாள், வந்தால் ஒரு வரி. டன் என்பது கப்பலின் கொள்ளளவு, ஏற்றின சரக்கின் எடை கிடையாது. அதனால் காலியாக வந்தாலும் அதே அறுபத்தொன்று. வி. என். ஒவ்வொரு தடவையும் மையைத் தொட்டு எழுதியிருக்கிறார். நான் ஒரு பட்டனால் அவள் பயணத்தையெல்லாம் அழித்துவிட்டு, எழுதினவரைத் திருடன் என்று சொல்லியிருக்கிறேன். இல்லை என்று வந்து சொல்ல அவருக்கு வழியும் கிடையாது.

4. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி

ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. நேரே பேராசிரியைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "நீயே சொல்லு," என்றார். சொன்னேன்.

"தம்பி, இதை நம்பிப் பேச்சோட தலைப்பையே மாத்திட்டேன்ப்பா," என்றார் பேராசிரியை. பிறகு அவரே, "சரி. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள எல்லா மாசத்தையும் சரியாக் கூட்டிக் காட்டுங்க. ஒரு மாசம் இடிச்சாலும், அவர் கணக்கை நம்ப முடியாதுன்னுதான் நான் சொல்ல வேண்டியிருக்கும்."

போன் வைத்த பிறகு அக்கா சொன்னார். "கூடலைனா இந்த வேலை நம்ம கையை விட்டுப் போயிரும். உன்னைய நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எந்த மூஞ்சியோட கேக்கறது? பழைய ஃபைலு இருக்குதா?"

"அது மேலயே சேவ் செஞ்சுபோட்டேனுங்க்கா."

ரபீக் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு திரும்பினான். கோட்டைமேட்டுக்காரன். தட்டுவதில் சூரன், ஒழுங்கு வைப்பதில் பூஜ்யம். "மாப்ள, நான் தட்டினது அத்தனையும் என் டெஸ்க்டாப்லயே கெடக்கு. அழிக்கச் சொல்லி அக்கா நாலு வாட்டி சொன்னாங்க. அக்கா, என் சோம்பேறித்தனத்துக்கு இன்க்ரிமென்ட் உண்டா?"

"மொதல்ல அதக் காப்பி எடுத்துக் குடு. அப்புறம் பேசு," என்றார் அக்கா. ஆனால் அவர் முகத்தில் அன்று முதல் தடவையாக இரத்தம் ஓடியது.

செல்வியும் மூன்று மாதத்துக்குரிய ஃபைல்களைத் தன் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தாள். மீதி மாதங்களை ஒப்பிட ஸ்கேன் படத்தையே பக்கத்தில் வைத்துக்கொண்டோம். ரபீக் வரியைப் படிப்பான், செல்வி படத்தில் பார்த்து 'ஆமா' என்பாள், நான் டிக் அடிப்பேன். மாதம் முடிந்ததும் கூட்டலைத் தட்டிவிட்டு மூவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

முதல் மாதம். வி. என். எழுதியது எவ்வளவோ, எங்களுக்கும் அவ்வளவே. ஒரு டன் கூடவில்லை, குறையவில்லை. "டேலி!" என்று கத்தினேன். கீழ்மாடி டீக்கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஆபீசே கிரிக்கெட் மைதானம் ஆகிவிட்டது. தையல்நாயகி வரும்போதெல்லாம் ரபீக், "வந்துட்டாய்யா எங்காளு!" என்பான். பத்து நாள் வரவில்லை என்றால் செல்வி, "எங்க போனாளோ?" என்று கவலைப்படுவாள். மழைக்காலப் பக்கங்களில் கப்பல்களே குறைந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் ஒரு மாதம் முழுக்க நாலே வரி. தை பிறந்ததும் மறுபடி அவள் பெயர் வந்தபோது ஸ்டெல்லா அக்காவே, "கர்த்தரே, பொழைச்சுட்டா!" என்றார். கடலே பார்க்காத நான், ஒரு கப்பல் கடல் தாண்டி வருவதை நாளுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் முப்பத்தைந்து மாதம் டேலி.

முப்பத்தாறாவது இடித்தது. ஒரு செப்டம்பர் மாதம். வி. என். நாற்பத்தேழு கப்பல் என்று எழுதியிருந்தார். எங்களுக்கு நாற்பத்தாறு. டன்னில் வித்தியாசம் சரியாக அறுபத்தொன்று.

மூன்று முறை படித்தோம். மணி பத்தரை.

"விட்டுரு சக்தி," என்றார் அக்கா மெதுவாக. "மனுசன்தானே. ஒண்ணு அவரு தப்பா இருக்கட்டும். மூல ஆவணம்னு போட்டுக் குடுத்தர்லாம்."

"அறுபத்தொண்ணுங்க்கா. அது தையல்நாயகி."

"அறுபத்தொண்ணு டன்னு வேற கப்பலே இருக்காதா?"

அப்போதுதான் பதிவேட்டின் பின்பாதி நினைவுக்கு வந்தது. கிளம்பின கப்பல்களின் பக்கங்கள். அது எங்கள் வேலையில் சேராது என்பதால் யாரும் திறக்கவே இல்லை. திறந்தேன். அந்த மாதம் மூன்றாம் தேதி தையல்நாயகி கிளம்பியிருக்கிறாள். பத்தொன்பதாம் தேதி மறுபடி கிளம்பியிருக்கிறாள். நடுவில் அவள் வந்ததற்கு வரியே இல்லை.

"அக்கா! வராத கப்பல் எப்படீங்க மறுக்கா கெளம்பும்?"

எல்லாரும் என் திரையைச் சுற்றி நின்றார்கள். மூன்றுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் உள்ள பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். செல்விதான் விரலை வைத்தாள். "இந்தப் பக்கத்துல மட்டும் வரி ஒண்ணு கம்மியா இருக்குது. மத்ததுல இருவத்திநாலு. இதுல இருவத்திமூணு." பக்கத்தின் அடி ஓரம் லேசாக நிழலடித்திருந்தது. அது ஓரமே இல்லை. மடிப்பு.

பேராசிரியைக்குப் போன் செய்தேன். பதிவேடு இருக்கிற இடத்தில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். "அந்தப் பக்கத்தோட அடியைப் பிரிச்சு ஒரு போட்டோ மட்டும் எடுக்கச் சொல்லுங்க மேடம்," என்று கெஞ்சினேன். பதினொன்று. பதினொன்றேகால். ரபீக் நகத்தைக் கடித்தான். பதினொன்று நாற்பதுக்கு அக்காவின் வாட்ஸ்அப் 'டிங்' என்றது.

மடிப்பு பிரிந்த இடத்தில் காகிதம் மட்டும் வெளுப்பாக, மை புதுசு போலக் கருப்பாக இருந்தது. தையல்நாயகி. அறுபத்தொன்று. முகமது சுல்தான். காலி.

"வந்துட்டாய்யா!" என்று ரபீக் மேஜை மேல் ஏறிவிட்டான். செல்வி என் முதுகில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

5. ஒவ்வொன்றாக

சனிக்கிழமைப் பேச்சில் பொய்க் கணக்கு என்கிற வார்த்தை வரவில்லை. பேராசிரியை அந்த மடிப்பின் போட்டோவைத் திரையில் காட்டி, முப்பத்தாறு மாதமும் ஒரு டன் பிசகாமல் எழுதிய வி. என்.னைப் பற்றித்தான் பேசினார் என்று அக்கா சொன்னார். நான் போகவில்லை. எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது.

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். ஒரு பட்டியலைத் தொடுவதற்கு முன்னால், அது எதை எண்ணுகிற பட்டியல் என்று கேளுங்கள். கூட்டல் இடித்தால், எழுதினவர் கையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் உங்கள் கையைப் பாருங்கள். எனக்குப் பிறகு வேலை நிரந்தரமானது. அந்த மேக்ரோவைக் கப்பல் பக்கமே விடுவதில்லை.

பாக்கியிருந்த வேலை அந்தப் பிழைக் கட்டம்தான். முப்பத்தாறு மாதத்துக்கும் 'மூல ஆவணம்' என்று நான் போட்டது அப்படியே நின்றது. அந்தச் செப்டம்பருக்கு 'ஸ்கேன்' என்று மாற்றினேன். மீதி முப்பத்தைந்தையும் 'சரிபார்ப்பு' என்று மாற்ற உட்கார்ந்தேன்.

ரபீக் டீ கிளாசோடு வந்து நின்றான். "என்ன மாப்ள, ஒண்ணொண்ணா மாத்திட்டிருக்கே? ஒட்டுக்கா செலக்ட் பண்ணு. ஒரே க்ளிக்கு."

"வேண்டாம்டா. எத்தனை தடவை பண்ணினனோ அத்தனை தடவை எழுதிக்கறேன்," என்றேன்.

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சரி, நான் மாசத்தைப் படிக்கறேன். நீ போடு."