துஆவில் சொன்ன வேலை

மாத்தளை நகரத்துப் பெண் நப்லாவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் வந்து நின்றன. பட்டம் வாங்கி எட்டு மாதம் சும்மா இருந்தவளுக்கு இது சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை எடுத்து மற்றதை விட வேண்டும் என்று தெரிந்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்று கொழும்பில், பெரிய மென்பொருள் கம்பெனியின் பட்டதாரிப் பயிற்சித் திட்டம். ஒன்றரை வருடம் நாலு பிரிவுகளில் மாறி மாறி வேலை பழக வேண்டும். கூடவே இருந்து சொல்லித்தர ஆள் உண்டு. கடைசியில் எந்தப் பிரிவில் நிரந்தரமாகப் போடுவது என்பதைக் கம்பெனி தீர்மானிக்கும். மற்றது கண்டியில், கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனி. மொத்த ஆட்களும் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவார்கள். அங்கே டெஸ்டிங் வேலை, அதாவது மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை எங்கே என்று தேடிப் பிடிப்பது. பயிற்சி கியிற்சி எதுவும் கிடையாது, திங்கட்கிழமை வந்து உட்கார வேண்டியதுதான்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் ஊர் கேட்கும். அவளுடைய வாப்பா முத்தலிப்பும் அப்படித்தான் நினைத்தார். இரத்தோட்டைப் பக்கத்து மிளகையும் கராம்பையும் வாங்கி விற்கிறவர் அவர். நல்ல மனிதர், ஆனால் வாயில் ஒரு செய்தி தங்காது. கொழும்பிலிருந்து கடிதம் வந்த அன்றே பக்கத்துக் கடைகளுக்குச் சொல்லி, லொறிக்காரர்களுக்குச் சொல்லி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கும் சொல்லிவிட்டார். கண்டிக் கம்பெனியைப் பற்றி அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

நப்லாவும் கொழும்புதான் சரி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பெரிய இடத்தின் பெயர் பிறகு எங்கே போனாலும் கைகொடுக்கும். சின்னக் கம்பெனி நாளைக்கே மூடப்பட்டாலும் கேட்க நாதியில்லை. அதே பயிற்சிக்குத் தெரிவாகியிருந்த அவளுடைய சினேகிதி றிஸ்னாவுக்கு ஒரு குழப்பமும் இல்லை. “எனக்கி என்ன புடிக்கும் எண்டே தெரியாது நப்லா. நாலையும் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்” என்று சிரித்தாள். றிஸ்னாவுக்கு அந்தப் பயிற்சி அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. நப்லாவுக்கு அதைக் கேட்கப் பொறாமையாக இருந்தது.

உம்மா ஸைனம்பு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “இஸ்திகாரா தொழு மகள்.” ஒரு காரியம் நல்லதா கெட்டதா என்று தெரியாதபோது இரண்டு ரக்அத் தொழுது, துஆ என்கிற வேண்டுதலைக் கேட்டு, முடிவை அல்லாஹ்விடம் விடுகிற தொழுகை அது. பதில் கனவில்தான் வர வேண்டும் என்று மார்க்கத்தில் எங்கும் இல்லை. ஆனால் நம் ஆட்களுக்குக் கனவு வந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் உம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்று, “என்ன கண்ட?” என்று கேட்டார்.

நப்லா ஒன்றும் காணவில்லை. அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். அவளுக்குப் பதிலாக மற்றவர்கள் காண ஆரம்பித்தார்கள். உம்மா, செங்குத்தான மலையில் ஏறும் பஸ்ஸைக் கண்டார். அது கண்டி. கலேவெலயிலிருந்து சாச்சி, உம்மாவின் தங்கை, தொலைபேசியில் கூப்பிட்டு, பெரிய கடலைக் கண்டதாகச் சொன்னார். அது கொழும்பு. சாச்சி போன வாரம்தான் பிள்ளைகளோடு காலிக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு வந்திருந்தார் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை பகல் சாப்பிட உட்கார்ந்தபோது, அந்த இரண்டு கனவுகளையும் வைத்து உம்மா மறுபடி வழக்கைத் தொடங்கினார். முத்தலிப்புக்குப் பொறுமை போய்விட்டது.

“கனவு கெடக்கட்டும். துஆவுல காரியத்தப் பேர் சொல்லித்தானே கேக்கணும். நீ எந்த வேலயச் சொல்லிக் கேக்குற மகள்?”

“கண்டி வேலய” என்றாள் நப்லா.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. உம்மாவின் அகப்பை கறிச்சட்டியிலேயே நின்றது.

“ஒவ்வொரு நாளுமா?” என்றார் முத்தலிப்.

“ஒவ்வொரு நாளும்தான் வாப்பா.”

கொழும்பின் பெயரை ஒரு தடவைகூட அவள் நாக்கு சொல்லியிருக்கவில்லை. விரும்பிய ஒன்றைத்தானே மனிதர் நல்லதாக்கித் தா என்று கேட்பார்கள். அது இத்தனை நாள் தனக்கே உறைக்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வாப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

“அப்ப அல்லாஹ்க்கிட்ட ஒரு கத, வாப்பாக்கிட்ட ஒரு கத” என்றார் முத்தலிப். கோபத்தை விட அதில் மனத்தாங்கல்தான் அதிகம். “வீட்ட விட்டுப் போகப் பயமா?”

“நாலு வருஷம் ஹொஸ்டல்ல இருந்தவ நான். அதில்ல.”

“அப்ப ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?”

“நீங்க கேக்கவே இல்லயே வாப்பா” என்றாள். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

முத்தலிப் சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைத்தார். பிறகு, “சரி, இப்ப கேக்குறேன். அங்க அப்பிடி என்ன இருக்கு?” என்றார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேர்முகத் தேர்வில் நடந்ததைச் சொன்னாள். “அவங்கட மென்பொருளத் தந்து, என்ன வேணுமெண்டாலும் செய்யுங்க எண்டாங்க. எத்தன கிலோ மிளகு எண்டு கேக்குற எடத்துல சைபருக்குக் கீழ ஒரு எண்ணப் போட்டேன். கடக்காரர் வாங்க வந்தவருக்குக் காசு குடுக்கணும் எண்டு பில் வந்துட்டு.”

“அல்லாஹ்வே! கட நாசமாப் போயிருமே!” முத்தலிப் உண்மையிலேயே திடுக்கிட்டார்.

“அதத்தான் கடக்காரர்ட கைக்குப் போக முந்திப் புடிக்கணும். எனக்கி அதுதான் விருப்பம் வாப்பா. கெம்பஸ்லயும் மத்தவங்க எழுதுவாங்க, நான் ஒடச்சிப் பாப்பேன். என்ன விருப்பம் எண்டு தேடிப் பாக்க எனக்கி ஒன்றர வருஷம் தேவயில்ல.”

முத்தலிப் கை கழுவப் போனார். திரும்பி வந்து, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, “எழுது” என்றார். “கொழும்புக்கு வரல்ல எண்டு இப்பவே எழுது. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். நாளக்கி ஜும்ஆவுல அத மாத்திச் சொல்லணும். நீ திரும்பவும் மாறினா நான் பள்ளிவாசல் பக்கமே போக ஏலாது.”

நப்லா மடிக்கணினியை மேசையிலேயே திறந்தாள். நன்றி சொல்லி, மன்னிப்புக் கேட்டு, நாலு வரி எழுத அவளுக்கு அரை மணி நேரம் எடுத்தது. அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். நிமிர்ந்து பார்த்தால், கடைக்குப் போயிருக்க வேண்டிய வாப்பா இன்னும் அவள் கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“போயிட்டா?”

“போயிட்டு வாப்பா.”

“அப்ப கண்டிக்காரங்களுக்குச் சட்டெண்டு எழுது” என்றார் முத்தலிப் பதற்றத்தோடு. “வேற ஆள எடுத்துறப் போறாங்க.”